மைக் அக்காவின் தாடை

அந்தப் பேருந்து நிலையத்தில் அவள் முகத்தை அறிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குரலை அறியாதவர் ஒருவரும் இல்லை. "பயணிகளின் கவனத்திற்கு" என்று ஒலிபெருக்கியில் அவள் தொடங்கினால் ஓடுகிறவன் நிற்பான், நிற்கிறவன் ஓடுவான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளம் வாங்கக் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது பயன்பட்டது. மற்றபடி அவள் மைக் அக்கா. நிலையத்துக்கே பெரிய அதிகாரியான டைம் கீப்பர் முதல் நடைமேடை கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அக்கா. அவளைவிட மூத்த ஓட்டுநர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் தனக்கு வருத்தம் என்று அவள் சொல்லிக்கொள்வாள். சுத்தப் பொய்.

அவள் அறை மாடியில் இருந்தது. கண்ணாடி ஜன்னல், அதன் மேல் எவ்வளவு துடைத்தாலும் போகாத டீசல் புகை, ஒரு மேசை, ஒரு மின்விசிறி. அறிவிக்கும்போது விசிறியை நிறுத்திவிடுவாள். இல்லையென்றால் அதன் இரைச்சலும் சேர்ந்து ஊருக்கெல்லாம் கேட்கும். நாற்காலிக்கு வீட்டிலிருந்து மெத்தை தைத்து எடுத்து வந்திருந்தாள். அதில் வேறு யாரும் உட்கார்ந்தால் பிடிக்காது. 'ப' வருகிற இடத்தில் முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்ப வேண்டும், நேராகச் சொன்னால் மைக்கில் காற்று மோதி 'டப்' என்று வெடிக்கும் என்பது அவளாகவே கற்றுக்கொண்ட வித்தை. அந்த வெடிப்பு அவள் காலத்தில் அந்த நிலையத்தில் கேட்டதே இல்லை.

அவள் வீட்டுக்காரர் நிலைய வாசலுக்கு எதிரே டயர் கடை வைத்திருந்தார். குரலைக் கேட்டே பெண் கேட்டு வந்த மனிதர். முகத்தைப் பார்க்காமலே முடிவு செய்துவிட்டதாக இன்றைக்கும் பெருமையடித்துக்கொள்வார். வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது என்று அவள் கத்தினால், "எந்த நடைமேடைன்னு சொன்னாத்தானே வர முடியும்?" என்பார். இருபது வருடமாக ஒரே நகைச்சுவை. அவளும் இருபது வருடமாக அதற்குச் சிரித்தாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்தச் சிரிப்புக்கு ஒரு பெறுமானம் இருந்தது.

முதலில் ஒரு பல் ஆடியது. பிடுங்கினார்கள். அடுத்ததும் ஆடியது. அதையும் பிடுங்கினார்கள். பிறகு தாடைக்குள் ஏதோ புடைத்துக்கொண்டு வந்தது. வலி பெரிதாக இல்லை. குரல் கணீரென்று இருந்தது. குரல் சரியாக இருக்கும்வரை தனக்கு ஒன்றும் இல்லை என்று அவள் நினைத்தாள். முன்தலையில் முடி கொட்டினால் கவலைப்பட்ட பெண், கன்னம் ஒரு பக்கம் வீங்கியதைச் சட்டை செய்யவில்லை. மாடி அறையில் யார் பார்க்கப்போகிறார்கள்?

கடைசியில் வீட்டுக்காரர்தான் இழுக்காத குறையாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். தாடை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கீழ்த்தாடை எலும்பு, எறும்பு அரித்த சர்க்கரைக் கட்டிபோல் உள்ளே பொத்தல் பொத்தலாக இருந்தது.

"புற்று இல்லைம்மா, பயப்படாதீங்க. ஆனா எலும்பைத் தின்னுக்கிட்டே போகும். தாடையில பாதிக்கு மேல எடுத்தாகணும்."

"எடுத்துட்டு?"

"உங்க கால்லேருந்து எலும்பு எடுத்து வைப்போம். முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பு இருக்கு. வெளிப்பக்கம் மெல்லிசா ஒண்ணு இருக்கு பாருங்க, அது உடம்பு பாரத்தைப் பெரிசா தாங்கறதில்ல. அதை ரத்தக்குழாயோட சேர்த்து எடுத்து, மூணு துண்டா வெட்டி, தாடை வளைவுக்குத் தக்கபடி சேர்த்து, தகடு வெச்சு முடுக்கிடுவோம். அந்த ரத்தக்குழாயைக் கழுத்துல இருக்கறதோட தெச்சுட்டா எலும்பு உயிரோட இருக்கும். வாய்க்குள்ள தோல் குறையும், அதுக்கும் கால் தோலே வந்துடும்."

வீட்டுக்காரர் முன்னால் சாய்ந்தார். "பழைய டயர்ல ஒரு துண்டை வெட்டி, கிழிஞ்ச டயருக்கு உள்ள ஒட்டுப் போடுவோம். அந்த மாதிரிங்களா?"

"அதே மாதிரிதாங்க. ஆனா எங்க ஒட்டு மூச்சு விடணும்."

ஆண்கள் இருவரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "எனக்குப் பேச வருமா டாக்டர்?"

"முகம் பழையபடியே இருக்கும்மா. சொன்னாத்தான் ஆபரேஷன் பண்ணினதே தெரியும். உதடு மட்டும் கொஞ்சம் மரத்துப் போகும்."

அவள் கேட்டது வாயைப் பற்றி. அவர் சொன்னது முகத்தைப் பற்றி. அந்த நேரத்தில் அது அவளுக்கு உறைக்கவில்லை. 'பழையபடியே' என்ற சொல் காதில் விழுந்தது, அதைப் பிடித்துக்கொண்டாள். 'கொஞ்சம்' என்ற சொல்லை விட்டுவிட்டாள். டாக்டர்மார்களின் அகராதியில் 'கொஞ்சம்' என்றால் என்ன அளவு என்று யாராவது ஒருநாள் விசாரித்துச் சொன்னால் ஊருக்குப் புண்ணியமாகப் போகும்.

இப்போது அவள் கவலை வேறு. அவளுக்கு விடுப்பு என்றால் நாற்காலியில் உட்கார ஒருத்தி இருந்தாள். அலுவலகத்தில் காகிதம் அடுக்குகிற பெண். எல்லோரும் லீவுக்காரி என்பார்கள். அவளுக்கு 'ழ' வராது. "ஏளாம் நடைமேடை" என்று அவள் சொல்லும்போதெல்லாம் எதிரே டயர் கடையிலிருந்து கேட்கிற மைக் அக்கா காதைப் பொத்திக்கொள்வாள். மறுநாள் எல்லோரும் கேட்க அதே மாதிரி சொல்லிக் காட்டிச் சிரிக்க வைப்பாள். லீவுக்காரியும் கூட நின்று சிரித்துத் தொலைப்பாள், வேறு என்ன செய்ய? அந்த நாக்கை மாதக்கணக்கில் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது நாற்காலி இருக்குமா?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். டைம் கீப்பரிடம் போனாள்.

"சார், நான் எல்லாத்தையும் பேசிப் பதிவு பண்ணி வெச்சுட்டுப் போறேன். நான் வர்ற வரைக்கும் அதையே போடுங்க. யாரையும் உக்கார வைக்க வேணாம்."

டைம் கீப்பர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "அருமையான யோசனைக்கா. உங்க நாற்காலியில வேற யாரும் உக்கார மாட்டாங்க. இது என் வாக்கு."

அந்த வாக்கை அவர் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். அதுதான் கொடுமை.

பதிவு செய்ய வந்தவர் மைக் செட்டுக்காரர். விழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். நிலையத்து ஒலிபெருக்கிக் குழாய்களைப் பழுது பார்ப்பதும் அவர்தான். ஜன்னலுக்குப் போர்வை கட்டி, விசிறியை நிறுத்தி, அவளை உட்காரவைத்தார்.

"ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாச் சொல்லுங்கக்கா. எண் தனியா, இடம் தனியா. கம்ப்யூட்டர் எது வேணுமோ அதை எடுத்துக் கோத்துக்கும்."

அவள் சொன்னாள். எண்கள் எல்லாம் சொன்னாள். சந்தை, துறைமுகம், நூற்பாலை, பழைய பாலம், வருமானவரி அலுவலகம், ரயில் நிலையம். தாமதமாகப் புறப்படும். விலகி நிற்கவும். வருந்துகிறோம். வியர்வை ஊற்றியது. தாடை விண்ணென்று தெறித்தது. ஒரு 'ழ' கொஞ்சம் மங்கியதாகத் தோன்றினால்கூட மறுபடி சொன்னாள். மழை பெய்தால் என்ன சொல்வது, கூட்டம் அதிகமானால் என்ன சொல்வது என்று அவர் கேட்காததையும் யோசித்துச் சேர்த்தாள். இனி அந்த நிலையத்தில் யாருக்கும் எதற்கும் வேறொரு வாய் தேவைப்படக் கூடாது என்பதுபோல முடித்துவிட்டு எழுந்தாள். போகிற வழியில் லீவுக்காரியைப் பார்த்து, "உனக்குச் சிரமம் வெக்கலம்மா" என்று இனிக்க இனிக்கச் சொன்னாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது பாவம், ஒருமுறை கத்திவிட்டு மாட்டிக்கொள்கிறது. இவள் போர்வை கட்டி உட்கார்ந்து, சொல் சொல்லாகத் திருத்தித் திருத்திக் கத்தினாள்.

அறுவை சிகிச்சை ஒரு பகல் முழுக்க நடந்தது. கண் விழித்தபோது கழுத்தில் ஒரு துளை, மூக்கில் ஒரு குழாய், காலில் பெரிய கட்டு. நர்சம்மா அடிக்கடி வந்து வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல கலர்ல இருக்கு, உயிரோட இருக்கு" என்றாள். அவளைப் பற்றியல்ல, ஒட்டுப் போட்ட தோலைப் பற்றி. வீட்டுக்காரர் தலைமாட்டில் நின்று, "ஏற்கெனவே உனக்கு வாய் நீளம். இப்போ கால் எலும்பையும் வெச்சாச்சு. இனி நான் பொழைச்ச மாதிரிதான்" என்றார். சிரிக்க நினைத்தாள். முகத்தின் எந்தப் பகுதி சிரிக்கும் என்று தெரியவில்லை.

நடக்கவும் பேசவும் ஒரே நேரத்தில் கற்றுக்கொண்டாள். கால் சீக்கிரம் மன்னித்துவிட்டது. படியேறும்போது மட்டும் கட்டைவிரல் மடங்காமல் முரண்டு பிடித்தது. வாய் மன்னிக்கவில்லை. கீழுதடு, பக்கத்து வீட்டுக்காரருடையதுபோல் சம்பந்தமே இல்லாமல் தொங்கியது. தண்ணீர் குடித்தால் வழிவது தெரியாது. சேலை நனைந்த பிறகுதான் தெரியும். நாக்கால் உள்ளே தடவினால் கால் தோலில் மெல்லிய ரோமம் தட்டுப்பட்டது. காலில் முளைக்க வேண்டியது, இடம் மாறியது தெரியாமல் வாய்க்குள் முளைத்துக்கொண்டிருந்தது. டாக்டரிடம் சொன்னாள். "நாளாக நாளாக உதிர்ந்துடும்மா. நல்லா ஒட்டியிருக்குன்னு அர்த்தம்" என்று அவர் மகிழ்ந்தார். மாணவ டாக்டர்களை வரிசையாக வரவழைத்து அவள் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார். "பாருங்க, எது ஒரிஜினல் பக்கம்னு சொல்லுங்க பாக்கலாம்." அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. முகம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. அவளைப் பேசச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

உதடு சேர வேண்டிய எழுத்தெல்லாம் அவளைக் கைவிட்டிருந்தது. ப, ம, வ. இந்த மூன்றும் இல்லாமல் பிழைத்துப் பார்க்கட்டும் யாராவது. 'மாமா' இல்லை, 'அம்மா' இல்லை, 'பேருந்து' இல்லை, 'வலி' என்று சொல்லக்கூட வழியில்லை. கடைக்குப் போனால் உப்புக் கேட்க முடியாமல் விரலை நீட்டினாள். கடைக்காரன் செவிடனிடம் பேசுவதுபோல அவளிடம் கத்தினான். நாளடைவில், உதடு தேவைப்படாத சொற்களாகப் பார்த்துப் பொறுக்கிப் பேசப் பழகினாள். சோறு, தண்ணி, தூங்குங்க, நேரத்துல எழுந்திரிங்க. வீட்டுக்காரர் தலையாட்டினார். நடைமேடை நகைச்சுவையை அவர் நிறுத்திவிட்டார். அதை எப்போது நிறுத்தினார் என்று அவள் கவனிக்கவில்லை, நின்றுவிட்டதைத்தான் கவனித்தாள்.

ஒருநாள் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு டயர் கடைக்குப் போனாள். அவர் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். எதிரே ஒலிபெருக்கியில் அவள் குரல் துறைமுகம் போகிற பேருந்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. அது முடிகிறவரை நின்றார். பிறகு வேலையைத் தொடர்ந்தார். அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்தாள். தன் புருஷன் இன்னொருத்தியைப் பார்த்து ஏங்குவதைக் கண்ட பெண்ணுக்கு எப்படி எரியுமோ அப்படி எரிந்தது. போய்ச் சண்டை போடலாம் என்றால் யாரோடு போடுவது?

வேலைக்குத் திரும்பியபோது அவள் நாற்காலி அப்படியே இருந்தது. மெத்தை மேல் தூசி. மேசையில் ஒரு கம்ப்யூட்டர் தானாக ஓடிக்கொண்டிருந்தது. மணியடித்தது. அவள் குரல் பேசியது. மறுபடி மணியடித்தது.

"உக்காருங்கக்கா, உக்காருங்க" என்றார் டைம் கீப்பர். "முகம் ஜோரா இருக்கு. ஒரு அறிவிப்பு பண்ணிப் பாருங்களேன்."

அவள் விசிறியை நிறுத்தினாள். மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள். பயணிகளின் கவனத்திற்கு. முதல் எழுத்தே 'ப'. கீழே நடைமேடையில் நூற்றுக்கணக்கான தலைகள் ஒரே நேரத்தில் மேலே நிமிர்ந்தன. யாரோ சிரித்தார்கள். மைக்கில் குடிகாரன் புகுந்துவிட்டான் என்று எவனோ சொன்னது மாடிவரை கேட்டது. டைம் கீப்பர் மெதுவாகக் கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார். அவள் பழைய குரல் அதே அறிவிப்பைக் கணீரென்று சொல்லி முடித்தது.

"ரெஸ்ட் எடுங்கக்கா. சரியானதும் பாத்துக்கலாம். அதுவரைக்கும் தவறிய பொருள் அறையைப் பாத்துக்கோங்க."

பயணிகள் மறந்துவிட்டுப் போகிற குடைகளும் ஒற்றைச் செருப்புகளும் கிடக்கிற அறை அது. பேச வேண்டியதில்லை, அடையாளம் சொன்னால் எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அறைக்குப் போகும் வழியில் லீவுக்காரி எதிரே வந்தாள். விடுப்பு நாளிலும் ஆள் தேவையில்லை என்று ஆனதும் அவளைக் கழிவறைப் பக்கம் மாற்றிவிட்டிருந்தார்கள். கையில் வாளி இருந்தது.

"நல்லா இருக்கீங்களாக்கா?" என்றாள். பிறகு பொறுக்கமாட்டாமல், "எனக்கு 'ழ' வராதுதான். ஆனா நான் உக்காந்திருந்தா, நீங்க வந்ததும் எழுந்து குடுத்திருப்பேன். கம்ப்யூட்டர் எழுந்து குடுக்குமா?" என்றாள்.

மைக் அக்கா அந்த வாளியையே பார்த்தாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

தவறிய பொருள் அறையில் நாட்கள் போயின. ஒருமுறை ஒரு பெரியவர் குடையைத் தேடி வந்தார். எந்த நடைமேடையில் விட்டீர்கள் என்று அவள் கேட்டாள். இரண்டு முறை கேட்டும் அவருக்குப் புரியவில்லை. "என்னம்மா முனகறே? மைக்ல பேசுது பாரு ஒரு பொண்ணு, அது மாதிரி வாயைத் திறந்து சொல்லு" என்றார். அவள் எல்லாக் குடைகளையும் அள்ளி அவர் முன்னால் போட்டாள். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு தொலையட்டும்.

அப்படி இருக்கும்போதுதான் ஊருக்கு வெளியே விமான நிலையம் திறந்தார்கள். அங்கே போக ஒரு பேருந்தும் விட்டார்கள். டைம் கீப்பர் தானே இறங்கி அவள் அறைக்கு வந்தார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

"அக்கா, ஒரு சிக்கல். நீங்க பேசி வெச்சதுல விமான நிலையம் இல்ல. அப்போ அது கிடையாதே. அந்த ஒரு சொல்லை மட்டும் நீங்க பேசிக் கொடுத்தா நல்லா இருக்கும். சரியா வந்துட்டா…" என்று நிறுத்தி மாடியைப் பார்த்தார். "மறுபடி ஒவ்வொண்ணாப் பாக்கலாம்."

ஒரே ஒரு சொல். அதில் ஒரு 'வ', இரண்டு 'ம'. வேண்டுமென்றே தேடிப் பிடித்ததுபோல. ஆனாலும் அவளுக்கு உடம்பெல்லாம் புது ரத்தம் ஓடியது. இந்தச் சொல் ஏறிவிட்டால் அதன் பின்னால் தானும் படியேறிவிடலாம். அன்று முதல் வீட்டில் வேறு பேச்சே இல்லை. கண்ணாடி முன்னால் நின்று சொன்னாள். "இனான நிலையன்" என்று வந்தது. நூறு முறை சொன்னாலும் இனான. எரிச்சலில் சீப்பைத் தூக்கி எறிந்தாள். பிறகு ஒருநாள், கட்டைவிரலால் கீழுதட்டைத் தூக்கி மேல்பல்லோடு அழுத்திப் பார்த்தாள். 'வி' வந்தது. விரலைச் சற்று ஏற்றி மேலுதட்டோடு சேர்த்தாள். 'மா' வந்தது, கடைசி 'ம்'மும் வந்தது. உணர்ச்சியில்லாத உதட்டைக் கையால் தூக்கிக் கொடுத்துப் பேசவைத்தாள். அவலட்சணமாகத்தான் இருந்தது, ஒலிபெருக்கியில் கையா தெரியப்போகிறது?

வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "சொல்லு. இன்னொரு தடவை சொல்லு." சொன்னாள். "புரியுது! நல்லாவே புரியுது!" என்றார். "பழைய மாதிரியே இருக்கா" என்று அவள் ஜாடையில் கேட்டாள். அவர் கொஞ்சம் தாமதித்து, "வரும். மைக் முன்னாடி உக்காந்தா தானா வரும்" என்றார். பிறகு, இத்தனை மாதங்களுக்குப் பின் முதல்முறையாக, "சரி, சோறு எந்த நடைமேடை?" என்றார். அவள் சமையலறைக்குள் போய் அழுதாள்.

பதிவு நாளன்று மைக் செட்டுக்காரர் அதே போர்வையைக் கட்டினார். அவள் விரலை உதட்டில் வைத்துச் சொன்னாள். விமான நிலையம். திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியாகச் சொன்னது நன்றாகவே வந்தது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் வயது. ஆனால் சொல் சொல்லாக இருந்தது. மைக் செட்டுக்காரர் காதிலிருந்து கருவியைக் கழற்றி, "பிரமாதம்க்கா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர். இந்த உலகத்தில் நல்ல மனிதர்கள் செய்கிற காரியங்களுக்கு யாரிடம் போய் முறையிடுவது?

புதிய பேருந்து புறப்படும் நாளில் அவள் தவறிய பொருள் அறையைப் பூட்டிவிட்டு, நடைமேடைக் குழாயின் கீழே வந்து நின்றாள். நல்ல சேலை உடுத்தியிருந்தாள். வீட்டுக்காரரிடம் காலையிலேயே சொல்லியாயிற்று. அவர் கடை வாசலில் வேலையே செய்யாமல் நின்றுகொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

மணியடித்தது. பயணிகளின் கவனத்திற்கு. அடுத்து அந்தச் சொல் வந்தது.

விமான நிலையம்.

கணீரென்று வந்தது. கரகரப்பு இல்லை, வயது இல்லை, விரல் இல்லை. அவளுடைய பழைய குரல், பழைய உதடு. அவள் வாழ்நாளில் அந்த உதட்டால் அந்தச் சொல்லை அந்த மைக்கில் சொன்னதே இல்லை.

மைக் செட்டுக்காரர் சிரித்த முகத்தோடு படியிறங்கி வந்தார். "எப்படிக்கா? ராத்திரியெல்லாம் தூங்கல. நீங்க கஷ்டப்பட்டுச் சொன்னதைத்தான் போடலாம்னு பாத்தேன். டைம் கீப்பர் கேட்டுட்டு, ஒரே வரியில ரெண்டு பொம்பளைங்க பேசற மாதிரி இருக்குன்னுட்டாரு. அப்புறம்தான் யோசனை வந்துச்சு. 'விலகி நிற்கவும்'லேருந்து 'வி'யை வெட்டினேன். 'வருமானவரி'யில 'மான' இருக்கு. 'ரயில் நிலையம்'ல 'நிலையம்' இருக்கு. மூணு துண்டு. ஒட்டினது தெரியுதா பாருங்க?"

அவள் தெரியவில்லை என்று தலையசைத்தாள். தெரியவில்லைதான்.

"இனி எந்தப் புது ஊர் வந்தாலும் கவலை இல்லக்கா. எல்லா எழுத்தும் உங்க பழைய பேச்சுலயே இருக்கு. நீங்க சிரமப்படவே வேணாம். உங்க குரலுக்குச் சாவே இல்ல."

சொல்லிவிட்டு, அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவள் அங்கேயே நின்றாள். தாடைக்குள் மூன்று துண்டும் உயிரோடு, சூடாக, நன்றாக ஒட்டிக்கொண்டு இருந்தன. அவை எதற்கு ஒட்டின என்று அவளுக்கு விளங்கவில்லை. அந்தக் கால் எலும்பைக் காலிலேயே விட்டிருக்கலாம் என்று தோன்றியது.

அப்போது சாலையைக் கடந்து, ஆட்டோக்களுக்கு நடுவே, கையில் கிரீஸோடு வீட்டுக்காரர் ஓடிவருவது தெரிந்தது. ஓடிப் பழக்கமில்லாத மனிதர். மூச்சு வாங்க வந்து, நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

"கேட்டேன்! கேட்டேன்டி! வந்துடுச்சு பாத்தியா? மைக் முன்னாடி உக்காந்தா தானா வரும்னு நான் சொல்லல? அப்படியே பழைய குரல். அப்படியே!"

அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை, அவர் பெண் கேட்டு வந்த அன்றுதான் அவள் பார்த்திருந்தாள். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் வீட்டுக்குப் போனதும் அவர் பேசச் சொல்வார். சோறு எந்த நடைமேடை என்று கேட்பார்.

அவள் கையை விடுவித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். உதடு தேவைப்படாத சொற்களாகவே அமைந்துவிட்டன. அறுவை சிகிச்சைக்குப் பின் அவள் பேசியதிலேயே தெளிவாக, பக்கத்தில் நின்ற பயணிகளும் திரும்பிப் பார்க்கும்படியாக வந்தது.

"அது நான் இல்லைங்க."